சாமுராயும் வெயிட்டரும்: ஏவல் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மாலை வகுப்பு ஒன்றில் ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறேன். இலக்கணத்தைவிட அதிகமாக வருவது இந்த வகைக் கேள்விதான்: வேலை செய்பவரை எப்படிக் கூப்பிடுவது, எந்தச் சொல் மரியாதை, எது குத்தும், சாமுராய் என்றால் நிஜத்தில் என்ன? பதில் சொல்லப் போனால் நமக்குப் பழகிய ஆங்கிலச் சொற்களும் கூடவே வந்து நின்றுவிடும். கரும்பலகையில் திரும்பத் திரும்ப எழுதி அழித்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

சாமுராய் என்றால் போர்வீரன்தானே?

இடுப்பில் வாள் இருந்தது உண்மை, சொல்லுக்குள் வாள் கிடையாது. ‘சபுராவு’ என்ற பழைய வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘சபுராய்’. பிற்காலத்தில் ப, ம ஆகி ‘சமுராய்’ ஆனது. சபுராவு என்றால் பெரியவர் பக்கத்தில் அடக்கமாகக் காத்திருப்பது, பணிவிடை செய்வது. அதற்கும் முந்தைய, 8ஆம் நூற்றாண்டை ஒட்டிய நாரா காலத்து வடிவம் ‘சமொராவு’. அதன் நடுவில் இருக்கும் ‘மொரு’ என்பதற்குக் காவல் காப்பது, கண் வைத்துப் பார்த்திருப்பது என்று பொருள். ஆக, எஜமானின் முகத்தையே பார்த்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவாரோ என்று நிற்பவர்தான் சாமுராய்.

நம்பிக்கை வராதவர்களுக்கு நான் காட்டும் சாட்சி ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாக்கி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண்மணி எழுதிய ‘கெஞ்சியின் கதை’. அதன் முதல் வாக்கியத்திலேயே இந்த வினை வருகிறது. ஆனால் அங்கே ‘சபுராவு’ செய்பவர்கள் பேரரசரின் அந்தப்புரப் பெண்கள்! பட்டாடையும் நீண்ட கூந்தலுமாக அரசர் அருகில் இருந்தவர்களுக்கும், பின்னாளில் வாள் கட்டியவர்களுக்கும் வினை ஒன்றே.

போர்வீரன் என்று நேராகச் சொல்ல ஜப்பானியத்தில் ‘புஷி’ என்று வேறு சொல் இருக்கிறது. புஷி என்பது தொழில். சாமுராய் என்பது இன்னொருவருக்குக் கட்டுப்பட்ட நிலை. ஊர்ப்புறத்தில் வில்லும் குதிரையுமாக இருந்தவர்கள் பிரபுக்களின் வாசலில் காவலுக்கு நின்றபோதுதான் அந்தப் பெயர் அவர்கள்மேல் ஒட்டியது.

வெயிட்டரோடு சாமுராயைச் சேர்ப்பது கொஞ்சம் அதிகமில்லையா?

பத்துப் பேரில் எட்டுப் பேர் சிரிப்பார்கள். ஆனால் ஆங்கில ‘வெயிட்’ பழைய வட பிரெஞ்சு வழியாக வந்தபோது அதன் பொருள் காத்திருப்பது அல்ல, கவனித்துப் பார்ப்பது, காவல் இருப்பது. ‘வாட்ச்’ என்ற சொல்லுக்கும் விழித்திருப்பதைச் சொல்லும் ‘வேக்’ என்ற சொல்லுக்கும் அது உறவு. பார்த்திருப்பது காத்திருப்பதாகி, காத்திருப்பது பணிவிடையாகி, கடைசியில் மேசைக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவர் வெயிட்டர் ஆனார்.

ஜப்பானியச் சொல்லும் இதே மூன்று படிகளில்தான் இறங்கியிருக்கிறது: பார்த்திரு, காத்திரு, பணி செய். இரண்டு மொழிகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேலையின் தன்மை அப்படி. நல்ல சர்வர் கை தட்டிக் கூப்பிடும்வரை விடமாட்டார். டம்ளர் காலியாகும்போதே அவர் கண் அங்கே இருக்கும். ‘எள் என்பதற்கு முன் எண்ணெயாக நிற்பது’ என்று நம் வீட்டில் சொல்வது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. ‘சாமுராய்’ எழுத்தையும் ‘காத்திருத்தல்’ எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வலப்பக்கம் இரண்டிலும் ஒன்றே. இடப்பக்கத்தில்தான் ஒன்றில் மனிதன், மற்றதில் பாதை. அந்த வலப்பகுதி சீனத்தில் ஒலிக்காகச் சேர்ந்தது. அதை வைத்துக் கதை கட்ட வேண்டாம்.

இங்கிலாந்தின் ‘நைட்’ குதிரை வீரர்தானே? அவராவது வீரராகவே பிறந்தாரா?

இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘க்னிஹ்ட்’ என்றால் பையன், பிறகு வேலைக்காரப் பையன். அரசனுடைய பையன்கள் ஆயுதம் ஏந்தியவர்களாக இருந்ததால் சொல் மேலேறியது. இன்று எழுதும்போது முன்னால் ஒலிக்காத எழுத்து ஒன்று நிற்கிறதே, அது அந்தக் காலத்தில் ஒலித்தது.

இதன் உடன்பிறப்பு ஜெர்மனியில் ஏறவே இல்லை. அங்கே ‘க்னெஹ்ட்’ என்றால் இன்றும் பண்ணையாள். குதிரை வீரரை அவர்கள் ‘ரிட்டர்’ என்கிறார்கள், சவாரி செய்பவர் என்று. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பையன்களில் ஒருவன் கோட்டைக்குப் போனான், இன்னொருவன் தொழுவத்திலேயே நின்றான். வேடிக்கை என்னவென்றால் பையன் என்று பொருள்பட்ட இன்னொரு ஆங்கிலச் சொல்லான ‘நேவ்’ எதிர்ப்பக்கம் போய் அயோக்கியன் ஆகிவிட்டது.

இந்தச் சொற்களை இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: செய்த வேலை சொல்லின் தலையெழுத்தைத் தீர்மானிக்கவில்லை, யார் வாசலில் நின்று செய்தார்கள் என்பதுதான் தீர்மானித்தது. கீழே வரும் பதில்கள் பாதிக்கும் மேல் அதற்கு உதாரணம்.

தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

சேவகன். வேலையாள் என்றும் பொருள், வீரன் என்றும் பொருள். ‘சேவகம்’ என்பதற்குப் பழைய தமிழில் பராக்கிரமம் என்றே பொருள் உண்டு. சிங்கம்புணரியில் இருக்கும் ஐயனாருக்குச் சேவுகப்பெருமாள் என்று பேர். அவர் யாருக்கும் தட்டு ஏந்தியவர் அல்ல.

இன்னொன்று சோழர் காலத்து வேளைக்காரப் படை. எழுத்தைக் கவனியுங்கள், ‘ல’ இல்லை, ‘ள’. உயிரைக் கொடுத்தும் காப்போம் என்று உறுதி எடுத்துக்கொண்ட வீரர்கள். இலங்கையின் பொலன்னறுவையில் புத்தரின் தந்த தாதுவைக் காக்கும் பொறுப்பை ஏற்றதாக அவர்களே பொறித்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சாமுராய்க்குத் தமிழில் பக்கத்துச் சொல் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

எஜமானுக்கும் வேலையாளுக்கும் நடுவில் இருந்தது சம்பளமா, விசுவாசமா?

முதலில் சோறு.

ஆங்கில ‘லார்ட்’ பழைய வடிவில் ‘ஹ்லாஃப்வெயர்ட்’, ரொட்டியைக் காப்பவர். ‘லேடி’ ரொட்டி மாவு பிசைபவள். அப்படியானால் வேலையாள்? 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட் அரசர் எதெல்பெர்ட் தொகுத்த சட்டத்தில் அவருக்கு ‘ஹ்லாஃபேட்டா’ என்று பேர், ரொட்டி தின்பவர். குடியானவன் ஒருவனுடைய ரொட்டி தின்பவனைக் கொன்றால் 6 ஷில்லிங் ஈடு கட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. இன்று லண்டன் மேலவையில் அமர்ந்திருக்கும் பிரபுக்களின் பட்டத்துக்குள் ஒரு ரொட்டிக்கூடை ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஜப்பானில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கமாகுராவில் மினமோட்டோ யொரிட்டொமோ அமைத்த ஆட்சி இரண்டு சொற்களில் நின்றது: ‘கோஒன்’, ‘ஹோகோ’. கோஒன் என்பது தலைவர் செய்யும் உபகாரம், பெரும்பாலும் நிலவுரிமை. ஹோகோ என்பது அதற்கு ஈடாகச் செய்யும் சேவை, பெரும்பாலும் போர். உபகாரம் நின்றால் சேவையும் ஆட்டம் காணும். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படையெடுப்பை எதிர்த்துப் போராடியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க, எதிரியிடமிருந்து கைப்பற்றிய நிலம் எதுவும் இல்லை. அந்த மனக்குறை 1333இல் கமாகுரா ஆட்சி விழுந்ததற்கு ஒரு காரணம். விசுவாசம் என்று நாம் மெய்சிலிர்க்கும் இடத்தில் அவர்கள் கணக்கும் பார்த்தார்கள்.

சாப்பாட்டுக் கடன் அங்கும் உண்டு. ‘இஷ்ஷுக்கு இப்பன் நோ ஒன்கி’ என்பார்கள்: ஓர் இரவு தங்கியதற்கும் ஒரு வேளை சாப்பிட்டதற்கும் பட்ட கடன். செஞ்சோற்றுக் கடன் என்று வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னதுமே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கர்ணனைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

அமைச்சரும் வேலைக்காரர்தான் என்று சொன்னீர்களே, கிண்டலா?

கொஞ்சம் கிண்டல், முழுக்க உண்மை. ‘மினிஸ்டர்’ லத்தீனில் ஏவலாள். அதன் அடியில் இருப்பது ‘மைனஸ்’, குறைந்தவர். அதற்கு எதிர்ச்சொல் ‘மாஜிஸ்டர்’, கூடுதலானவர். அதிலிருந்து வந்தவர்கள் மாஸ்டரும் மாஜிஸ்திரேட்டும். சொல்லின்படி பார்த்தால் மாஜிஸ்திரேட் வரும்போது மினிஸ்டர் எழுந்து நிற்க வேண்டும்.

ஜப்பானியத்தில் அமைச்சர் ‘தாய்ஜின்’. ‘தாய்’ என்றால் பெரிய, ‘ஜின்’ என்றால் அரசனின் ஆள். அந்த ‘ஜின்’ எழுத்து ஆதியில் ஒரு கண்ணின் படம். தலை குனிந்து நிற்பவனின் கண் என்று விளக்குவார்கள். ஆக, தாய்ஜின் என்றால் பெரிய ஏவலாள். 1885இல் இன்றைய முறையில் அமைச்சரவை அமைந்து இட்டோ ஹிரொபுமி என்பவர் முதல் பிரதமர் ஆனபோதும் இதே பழஞ்சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

லத்தீனில் சின்ன ஆள், ஜப்பானில் பெரிய ஆள், இரண்டு இடத்திலும் ஆள்தான். 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு அரசு ஊழியர்களை ‘முழுச் சமுதாயத்துக்கும் பணி செய்பவர்கள், ஒரு பகுதிக்கு அல்ல’ என்கிறது. அங்கே தாய்ஜின் என்ற சொல்லை விட்டு ‘ஹோஷிஷா’ என்று எழுதினார்கள். ‘ஹோஷி’ என்பது இன்று தொண்டூழியத்துக்கும் வரும் சொல்.

குதிரைக்காரர் தளபதி ஆனது எப்படி?

அரசனுடைய குதிரை என்பதால். ‘மார்ஷல்’ பழைய ஜெர்மானிய மொழியில் குதிரைக்குப் பணி செய்பவன். ‘கான்ஸ்டபிள்’ லாயத்துக்கு அதிகாரி. படை முழுக்கக் குதிரையில் நகர்ந்த காலத்தில் லாயத்தின் சாவி யாரிடமோ அவரிடமே படையும் இருந்தது. ஒருவர் ஃபீல்டு மார்ஷலாக உயர்ந்துவிட்டார். கான்ஸ்டபிளும் பிரான்சில் தலைமைத் தளபதியாக இருந்து பார்த்துவிட்டு, நம் தெருமுனை ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார்.

இவர்களைவிட ‘ஸ்டூவர்ட்’ கதை சுவாரசியம். வீட்டின் கூடத்தைக் கவனிப்பவர் என்பது அதன் பொருள். ஸ்காட்லாந்தில் அரசருக்கு அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த குடும்பத்துக்கு வேலையே குடும்பப் பெயராயிற்று. அதில் ஒருவர் ராபர்ட் புரூஸ் அரசரின் மகளை மணந்தார். அவர்கள் மகன் 1371இல் இரண்டாம் ராபர்ட்டாக முடிசூடினார். 1603இல் அந்த வம்சம் இங்கிலாந்தின் அரியணையிலும் அமர்ந்தது. அதே சொல்லின் பெண்பால்தான் விமானத்தில் காபி கொடுத்த ஸ்டூவர்டெஸ்.

ஹிதெயோஷி செருப்புத் தூக்கியவர் என்பது உண்மையா?

தொயொத்தொமி ஹிதெயோஷி எளிய குடும்பத்தில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் ஒதா நொபுனாகாவிடம் கடைநிலை ஏவலாளாகச் சேர்ந்தவர். 1585இல் பேரரசருக்கு அடுத்த ‘கம்பாக்கு’ பதவியில் அமர்ந்தவர். இவை உறுதி. பனிக்காலத்தில் எஜமானின் செருப்பை மார்புக்குள் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தார் என்பது பின்னால் சேர்ந்த கதை. செருப்பு எடுத்துக் கொடுப்பவருக்கு ‘சோரிதொரி’ என்று பேர். மேலே வந்ததும் அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள்: 1588இல் குடியானவர்களிடமிருந்து வாள்களைப் பறிமுதல் செய்தார். தான் ஏறிய ஏணியை எடுத்து வைத்துக்கொண்டார்.

ரோனின் என்பவர் யார்?

எஜமான் இல்லாத சாமுராய். எழுத்தின்படி ‘அலை மனிதர்’. பணிவிடையே அடையாளம் என்ற உலகத்தில் பணிவிடை பெற ஆள் இல்லாதவர். இன்றைக்கு இந்தச் சொல் யாருக்குத் தெரியுமா? பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறி அடுத்த வருஷத்துக்குப் படிக்கும் மாணவருக்கு. நீட் ரிப்பீட்டர் என்று நாம் சொல்வதை அவர்கள் ரோனின் என்கிறார்கள். கேட்க என்னவோ கௌரவமாகத்தான் இருக்கிறது.

அரண்மனை இருக்கட்டும். சாதாரணக் கடைப் பையனை என்னவென்று சொன்னார்கள்?

‘தெச்சி’. 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான எடோ காலத்தில், ஒசாக்கா, கியோத்தோ வணிக வீடுகளில் பத்து வயதை ஒட்டிய பையன்களைக் கொண்டுவந்து விடுவார்கள். பெருக்குவது, தண்ணீர் தெளிப்பது, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது, சீட்டு கொண்டுபோவது. சம்பளம் கிடையாது. சாப்பாடு, படுக்க இடம், வருஷத்துக்கு இரண்டு முறை துணி. வீட்டுக்குப் போக வருஷத்தில் இரண்டு நாள், முதல் மாதம் 16ஆம் தேதியும் ஏழாம் மாதம் 16ஆம் தேதியும். அந்த நாளுக்கு ‘யபுஇரி’ என்று பேர். தாங்கியவன் ‘தெதாய்’ ஆவான், இன்னும் தாங்கினால் ‘பந்தோ’, கணக்குப்பிள்ளைக்கு ஒப்பு. மிகச் சிலருக்கு முதலாளியே கடையின் பேர் பொறித்த வாசல் திரையைப் பயன்படுத்தித் தனிக்கடை வைக்க அனுமதி கொடுப்பார். ‘நொரென்வாகே’ என்ற அந்தச் சொல் ராமென் கடைகளில் இன்றும் புழங்குகிறது.

செட்டிநாட்டுப் பெட்டியடிப் பையன், மேலாள், முதலாளி என்ற வரிசை தெரிந்தவர்களுக்கு இது அப்படியே பழகிய கதை.

இந்தப் பையன்களின் வாழ்க்கைக்கும் ‘ஹோகோ’ என்றே பேர். கமாகுராவில் நிலத்துக்காகப் போருக்குப் போனதும் ஹோகோ, ஒசாக்காவில் திண்ணை பெருக்கியதும் ஹோகோ. அவர்களுக்குக் கொடுத்த துணிக்கு ‘ஷிகிசே’. இன்று ‘ஓஷிகிசே’ என்றால் மேலிருந்து திணிக்கப்பட்டது என்று பொருள். நிறுவனம் கொடுக்கும் பயனற்ற திட்டத்தைப் பார்த்து ஊழியர் முணுமுணுக்கும்போது அந்தப் பையனின் சட்டைதான் பேசுகிறது.

‘போகு’ என்றால் ‘நான்’ என்று படித்தேன். அதன் எழுத்துக்கு ‘வேலைக்காரன்’ என்று அகராதி சொல்கிறதே?

சரியாகத்தான் சொல்கிறது. சீன நடையில் எழுதியவர்கள் தம்மைத் தாழ்த்தி ‘தங்கள் ஊழியன்’ என்று எழுதிய எழுத்து அது. 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய மாணவர்கள் அதைப் பேச்சில் எடுத்தார்கள். இன்று ஐந்து வயதுப் பையனும் ‘போகு’ என்கிறான். அதற்கு ஜோடி ‘கிமி’, நீ. கிமி என்றால் ஆதியில் அரசன், தலைவன். ஜப்பானின் தேசிய கீதத்தின் முதல் சொல்லே அதுதான். இன்று கிமியை மேலதிகாரியிடம் சொன்னால் வேலை போய்விடும், கீழே இருப்பவரிடமோ நண்பனிடமோதான் சொல்ல வேண்டும். ‘அடியேன்’, ‘மன்னவா’ என்று ஆரம்பித்த இருவர் ‘நான்’, ‘நீ’ என்று தோளில் கை போட்டுக்கொண்டார்கள்.

ஆங்கிலத்தில் இந்தப் பணிவு கடிதத்தின் அடியில் தங்கியது. ‘உங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று கையெழுத்திடுவார்கள், உள்ளே திட்டியிருந்தாலும். ‘தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்’ என்று லீவ் லெட்டர் எழுதிய தலைமுறை நாம். ஜப்பானியக் கடிதங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வாக்கியத்துக்கு வாக்கியம் ‘சோரோ’ என்று முடிப்பார்கள். அது வேறெதுவும் இல்லை, நம் பழைய ‘சபுராவு’ தேய்ந்த வடிவம். வாளில் பாதி, மடலில் பாதி என்று அந்த வினை பிரிந்து போயிருக்கிறது.

வீட்டு வேலை செய்பவரை ஜப்பானில் எப்படிச் சொல்வது? ‘ஜொச்சூ’ சரியா?

வேண்டாம். இது என் சொந்த அனுபவம். பழைய புத்தகத்தில் படித்ததை நம்பி, ஒரு மலையூர் விடுதியில் சாப்பாடு கொண்டுவந்த அம்மாவைப் பற்றிப் பேசும்போது ‘ஜொச்சூ-சான்’ என்றுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, ‘நகாய்’ என்று ஒரே சொல்லில் திருத்தினார். விடுதியில் விருந்தினரைக் கவனிப்பவர் நகாய், முதலாளியம்மா ‘ஒகமி’. அன்று இரவு முழுக்க எனக்குக் காது சூடாகவே இருந்தது.

ஜொச்சூ ஒரு காலத்தில் அரண்மனையிலும் பெரிய சாமுராய் வீடுகளிலும் இருந்த பெண்களுக்கான மரியாதைச் சொல். அது நகர வீடுகளின் சமையலறைக்கு இறங்கியது. போருக்குப் பிறகு குத்தும் சொல்லாகி, ‘ஒதெத்சுதாய்-சான்’ வந்தது. ஒத்தாசை செய்பவர் என்று பொருள்.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் இதேதான் நடந்தது. நாங்கள் சுதந்திரக் குடியரசின் மக்கள், ‘சர்வென்ட்’ என்று சொல்லாதே என்று வீட்டு வேலைக்கு வந்தவர்கள் மறுத்தார்கள். ‘ஹெல்ப்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. நம் அலுவலகங்களில் ‘பியூன்’ அலுவலக உதவியாளர் ஆனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பியூன் போர்த்துகீசியர் வழி வந்த சொல், காலாள் வீரன் என்று பொருள், சதுரங்கத்தின் சிப்பாய்க்கும் ஆங்கிலத்தில் அதே வேர். டோக்கியோ, பாஸ்டன், சென்னை மூன்றிலும் அவமானத்துக்கு மருந்தாகக் கிடைத்தது ‘உதவி’ என்ற ஒரே சொல். சம்பளம் கூடியதா என்று கேட்காதீர்கள்.

பட்லர்?

புட்டிக்காரர். பழைய பிரெஞ்சில் மதுப் புட்டிகளுக்குப் பொறுப்பானவர். இங்கிலாந்தில் வீட்டு ஆட்களுக்குத் தலைவர் ஆனார். கடல் தாண்டி மதராஸ் மாகாணத்துக்கு வந்து துரை வீட்டுச் சமையல், கணக்கு எல்லாவற்றையும் பார்த்தவர் ஆனார். அவர்கள் துரைமாரோடு பேசிய ஒட்டுப்போட்ட மொழிக்குத்தான் ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று பேர். இன்றும் அதைக் கேலியாகச் சொல்கிறோம். பள்ளிக்கூடம் இல்லாமல் காதால் மட்டுமே ஒரு மொழியைப் பிடித்து அதில் குடும்பம் நடத்தியவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

ஜப்பானியத்தில் பட்லருக்கு ‘ஷிட்சுஜி’. இடைக்காலத்தில் அது பெரிய ஆட்சிப் பதவியின் பேர். அங்குள்ள சபைகளில் ‘டீக்கன்’ என்பதற்கும் ஷிட்சுஜிதான். டீக்கன் கிரேக்கத்தில் பந்தி பரிமாறும் ஏவலாள். இந்தப் பொருத்தம் நன்றாக விழுந்திருக்கிறது.

மெய்ட் கஃபேயில் ஏன் ‘கோஷுஜின்-சாமா’ என்கிறார்கள்?

எஜமானே என்று விளிக்கிறார்கள். டோக்கியோவின் அகிஹபராவில் 2001 முதல் நடக்கும் பொழுதுபோக்கு இது, பணிப்பெண் வேஷத்தில் பரிமாறும் காபிக் கடை, வேஷம் கட்டிய பணிவு. ஆனால் அதே ‘கோஷுஜின்’ அன்றாடப் பேச்சில் ‘உங்கள் கணவர்’. எஜமான் என்று கணவனைச் சொல்வதா என்று ஜப்பானியப் பெண்கள் பலர் ‘ஒத்தோ’ என்ற வெற்றுச் சொல்லுக்கு மாறிவருகிறார்கள். ஆனால் அடுத்தவர் கணவரைக் குறிக்கும்போது வேறு மரியாதைச் சொல் எளிதில் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். ‘வீட்டுக்காரர்’ என்று சொல்லும் நமக்கு அங்கே சிரிக்க உரிமை இல்லை.

கடைக்காரர் ‘சாபிசு’ என்று சொல்லி ஒரு தட்டு வைத்தார். பில்லில் சேர்ப்பாரா?

சேர்க்கமாட்டார். ஆங்கில ‘சர்வீஸ்’ ஜப்பானுக்குப் போய் ‘இலவசம்’ என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டது. நம்மூர் கொசுறு. மகிழ்ச்சியோடு சாப்பிடுங்கள். ஆனால் ‘சாபிசு சங்க்யோ’ என்று அலுவலகத்தில் காதில் விழுந்தால் உஷார். சம்பளமில்லாத கூடுதல் வேலை நேரம் என்று அர்த்தம்.

வாடிக்கையாளர் கடவுள் என்பது ஜப்பானியப் பழமொழியா?

பழமொழி இல்லை. மினாமி ஹருவோ என்ற பாடகர் 1960களில் மேடையில் சொல்லிப் பரவிய வாசகம். கடவுள் முன் பாடுவதுபோல் மனதைத் தூய்மையாக்கிக்கொண்டு பாடுகிறேன் என்பதுதான் அவர் கருத்து. கடைகளில் கத்தும் ஆட்கள் அதைத் தங்களுக்குக் கிடைத்த உரிமைப் பத்திரமாக எடுத்துக்கொண்டார்கள். கத்துபவர்களின் தொல்லைக்கு இப்போது ‘கசுஹாரா’ என்று பேர், கஸ்டமர், ஹராஸ்மென்ட் இரண்டையும் வெட்டி ஒட்டியது. அதைத் தடுக்க டோக்கியோ நகர அரசு கொண்டுவந்த விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

நர்ஸ், ஏர்ஹோஸ்டஸ் பெயர்கள் மாறிவிட்டன என்கிறார்களே?

ஆமாம். பெண்ணைக் குறிக்கும் எழுத்தோடு ‘கங்கோஃபு’ என்றிருந்த நர்ஸ், ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக 2002இல் சட்டப்படி ‘கங்கோஷி’ ஆனார். விமானத்தில் ‘ஸ்டூவர்டெஸ்’ போய் ‘கேபின் அட்டெண்டன்ட்’ வந்தது. பழைய பாடப்புத்தகத்தில் படிப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

‘சிவில் சர்வென்ட்’ இங்கிலாந்திலிருந்து இங்கே வந்த சொல்தானே?

பயணம் எதிர்த்திசை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்களில் படையில் இல்லாதவர்களைப் பிரித்துச் சொல்ல இந்தியாவில் புழங்கிய சொல் அது. இங்கிலாந்தின் அரசு அலுவலகங்களுக்கு அது பிறகுதான் போய்ச் சேர்ந்தது. கம்பெனிக்கு ஊழியம் செய்தவர்கள் நமக்குக் கலெக்டர்களாக இருந்தார்கள். வாசல் விஷயம் மறுபடியும்.

முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போகிறேன். என்னை என்னவென்று சொல்லிக்கொள்வது?

இப்போது வகுப்பில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்விதான். 2019 ஏப்ரலில் தொடங்கிய ‘தொகுதெய் கினோ’ (குறிப்பிட்ட திறன்) விசாவில் இந்தப் பணியும் இருக்கிறது. வேலைக்கு ‘கைகோ’ என்று பேர். ‘கைகோ ஷொகுயின்’ என்று சொல்லிக்கொள்ளலாம், பராமரிப்புப் பணியாளர். ‘கைகோ ஃபுக்குஷிஷி’ என்பது தேசியத் தேர்வு எழுதிப் பெறும் தகுதி. தேர்வு தேறும்வரை அந்தப் பேரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவரை ‘ஹெருபா-சான்’ என்பார்கள். ஹெல்ப்பர்தான், உதவி இங்கேயும் விடவில்லை.

அங்கே இருப்பவர்களை நோயாளி என்று சொல்லாதீர்கள், ‘ரியோஷா-சான்’. நேரில் கூப்பிடும்போது குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்க்க வேண்டும். நம்மூர்ப் பாசத்தில் பாட்டி, தாத்தா என்று அழைக்கத் தோன்றும். அங்கே பல நிலையங்களில் அது கூடாது, அவர்கள் உங்கள் பாட்டி இல்லை, தனக்கென்று பேர் உள்ள பெரியவர். ஆனால் அவர்கள் உங்களை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். ‘சொத்தோ, ஒனேசான்’ என்று மூலைக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வரும். ‘இந்தாம்மா, அக்கா’ என்று அர்த்தம். பையன்களுக்கு ‘ஒனீசான்’. உடனே ‘ஹாய்’ (ஆங்கில ஹாய் அல்ல, ‘சரி, இதோ’ என்பது) என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுப் போவதற்கு ‘ஷோஷோ ஒமாச்சி குதசாய்’, கொஞ்சம் காத்திருங்கள். முதல் வாரத்தில் இந்த வாக்கியம் தான் அதிகம் தேவைப்படும்.